அக்காவுக்கு, கிரீனம் காமனிலிருந்து

அக்கா,

இன்று டிசம்பர் 12. மூன்று தரம் எழுதி அழித்துவிட்டேன்.

கோடையில் தனியாகக் கிரீனம் காமனுக்குப் போனேன், இங்கிலாந்தில் அமெரிக்க விமானத்தளம் இருந்த அந்த வெளிக்கு. 9 மைல் வேலி இப்போது இல்லை. அமெரிக்காவின் க்ரூஸ் அணு ஏவுகணைகள் இருந்த புல் மூடிய மேடுகளைச் சுற்றி மட்டும் கம்பி. மற்ற இடமெல்லாம் மாடு மேய்கிறது.

1982இல் அந்த ஏவுகணைகள் வேண்டாமென்று 30,000 பெண்கள் வேலியைச் சுற்றிக் கைகோத்து நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமையை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. என் இடக்கை உங்கள் கைக்குள் இருந்தது. எனக்கு மறுநாள்தான் மறக்கவில்லை. தளத்தின் வாசலை மறித்து உட்கார்ந்தீர்கள். பொலிஸ்காரர் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கிச் சேற்றில் போட்டார்கள். எழும்பி வந்து திரும்பவும் உட்கார்ந்தீர்கள். பிறகு என்னைத் தேடிப் பார்த்தீர்கள். நான் பாணும் சம்பலும் இருந்த பையை அணைத்துக்கொண்டு ரோட்டின் அந்தப்பக்கம் நின்றேன்.

மன்னியுங்கள். ஆனால் என்னிடம் இருந்தது மாணவர் விசா, உங்களிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். சேற்றில் உட்காரவும் ஒரு பாஸ்போர்ட் வேண்டியிருந்தது அக்கா. நீங்கள் அதை ஒருநாளாவது யோசித்தீர்களா? சரி, விசாப் பயம் இல்லாவிட்டால் உட்கார்ந்திருப்பேனா என்றால், அதுவும் தெரியாது.

பிறகு 83 ஜூலை, இலங்கையில் தமிழரைக் கொன்ற கலவரம். கொழும்புக்கு லைன் கிடைக்காமல் நான் போனடியில் கிடந்தேன். தளத்து வாசலில் பெண்கள் போட்டிருந்த சமாதான முகாமிலிருந்து குளிக்க வந்த நீங்கள், "இதுவும் அதுவும் ஒரே யுத்தம்தான், என்னோடு வா" என்றீர்கள். நான் திருப்பிச் சொன்னதை இங்கே எழுதவில்லை. அதற்குப் பிறகு யாருக்காகக் காசு சேர்த்தேன் என்பதையும் எழுதவில்லை. இதை ஊரே வாசிக்கும். உங்களுக்கு விளங்கும்.

1991 மார்ச்சில் கடைசி ஏவுகணையும் போனபோது ரிசீவரைத் தூக்கிவிட்டு வைத்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. உங்களுக்கு மட்டும் ஒரு யுத்தம் முடிந்துவிட்டதே என்ற பொறாமை. 87இல் ரேகனும் கோர்பசேவும் ஏவுகணை ஒழிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள், சேற்றில் கிடந்த பெண்களால் ஒன்றும் நடக்கவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் வாதாடினேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். மற்றப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

அங்கே புல்லில் உட்கார்ந்து பாணும் சம்பலும் சாப்பிட்டேன். உப்புக் கூடிவிட்டது. அடுத்த கோடையில் வருகிறீர்களா? கார் நான் ஓட்டுகிறேன். உங்கள் முழங்காலுக்கு அது பெரிய நடை இல்லை.