சிரட்டை வைத்த பாட்டாவுக்கும் கூட நின்ற எல்லாருக்கும்

கடையாலுமூடு, களியல், அருமனை வட்டாரத்து மக்களுக்கும், நாகர்கோவிலில் இருந்தும் மார்த்தாண்டத்தில் இருந்தும் மம்பட்டியோடு வந்து சேர்ந்த சைக்கிள்காரர்களுக்கும் வணக்கம்.

நேற்று ராத்திரி கொட்டிய மழையை, ரப்பர் மேட்டில் நாம் வெட்டிய சைக்கிள் டிரெயில் தாங்கி நின்றுவிட்டது. விடிந்ததும் மேலிருந்து கீழ்வரை நடந்து பார்த்தாயிற்று. தண்ணீர் வடியத் தடத்தின் ஓரத்தில் புதிதாக வெட்டிய வாய்கள் அத்தனையிலும் தண்ணீர் வெளியே போன சுவடு கிடக்கிறது. தடத்தின் நெடுகே ஓடிய சுவடு எங்கேயும் இல்லை. இந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல். முந்தைய மழையில் தண்ணீர் தடத்தின் நெடுகே ஓடி என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும், பாதிப்பேர் நேரிலேயே பார்த்தீர்கள். அதை மறுபடி கிளற வேண்டாம்.

முதல் நன்றி ரப்பர் பால்வெட்டும் பாட்டாவுக்கு. பெயரைப் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார், ஆகவே பாட்டா என்றே இருக்கட்டும்.

மழைநாளில் மரத்தில் வெட்டு கிடையாது, வெட்டு இல்லையென்றால் கூலியும் கிடையாது. அப்படிப்பட்ட ஒரு நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஏறியிருக்கிறார். பால் பிடித்துக் கழித்துப் போட்ட பழைய சிரட்டைகள் ஒரு சாக்கு நிறைய இருந்தன. தடத்துக்குள் தண்ணீர் ஏறும் இடத்தில் ஒரு சிரட்டை, அது தடத்தை விட்டு இறங்கும் இடத்தில் இரண்டு சிரட்டை. இப்படியே கீழ்வரை வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். எல்லாம் கவிழ்த்து வைத்தவை, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். நிமிர்த்து வைத்தால் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடும், கல் இல்லாவிட்டால் ஓட்டத்தில் அடித்துப் போய்விடும். இதை அவரிடம் யாரும் கேட்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போனவர்கள்தான் பார்த்துவிட்டு, எவனோ பிள்ளைகள் விளையாடியிருக்கிறான்கள் என்று எடுத்து எறியப் போனார்கள். அந்நேரத்துக்குப் பாட்டாவே வந்து சேர்ந்தார். “எடுக்காதீங்க மக்களே, தண்ணி ஏறுத எடமாக்கும்” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அந்தச் சிரட்டைகளின் மதிப்பு என்னவென்று தடம் வெட்டும் வேலை தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

ரப்பர் மேட்டில் மரங்கள் சரிவுக்குக் குறுக்கே வெட்டிய தட்டுகளில் நிற்கும். தட்டு மலைப்பக்கமாகச் சற்று உள்சாய்வாக இருக்கும். மழைத்தண்ணீர் அங்கேயே நின்று மண்ணுக்குள் இறங்கட்டும் என்பது கணக்கு. இடையிடையே மழைக்குழிகளும் உண்டு. இவை நிரம்பும்வரை கீழே போகும் தடத்துக்கு ஒரு சொட்டும் வராது. நிரம்பிய பிறகு தண்ணீர் தட்டின் நெடுகே ஓடி அதன் கடைசி முனையில் மொத்தமாகக் கவிழும். அந்த முனைக்கு நேர்கீழே தடம் போனால் அடி அங்கேதான் விழும். வெயில் நாளில் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை, சருகு மூடிக் கிடக்கும். சரிவு அளக்கும் கருவி தடத்தின் சரிவைச் சொல்லும், மேலே எந்தக் குழி எப்போது நிரம்பும் என்பதைச் சொல்லாது. கனமழையின் நடுவில் அந்த இடத்தில் நின்றவருக்கு மட்டுமே தெரியும் விஷயம் இது.

ஒற்றைச் சிரட்டைக்கும் இரட்டைச் சிரட்டைக்கும் இடையே உள்ள தூரம் இன்னும் முக்கியம். தண்ணீர் தடத்தைக் குறுக்கே கடந்தால் பெரிய சேதம் இல்லை. நெடுகே ஓடும்போதுதான் வேகம் ஏறி மண்ணை அரிக்கிறது. இடைவெளி இரண்டு மூன்று காலடி என்றால் ஒரு வாய் வெட்டினால் போதும். இருபது முப்பது காலடி போனால் வாய் மட்டும் பத்தாது. இறங்கிக்கொண்டே போகும் தடத்தை ஓரிடத்தில் கொஞ்சம் ஏற வைத்து, மறுபடி இறக்க வேண்டும். ஏற்றத்தைத் தாண்டித் தண்ணீரால் போக முடியாது, பள்ளத்தில் வெளியேறியே ஆக வேண்டும். சைக்கிளில் வருபவருக்கு அது சின்னத் துள்ளல், அவ்வளவே.

வாய் வெட்டியது இப்படி: தடத்தின் வெளி ஓரத்தில் சுமார் 3 மீட்டர் நீளத்துக்கு அரைவட்டம் ஒன்று கோடு போட்டு, அதன் நடுப்பகுதி வெளிப்பக்கமாக 15 சதவீதம் சாயும்படி மண்ணை வழித்தோம். 90 செ.மீ. அகலத் தடத்தில் அது 13.5 செ.மீ. இறக்கம். இரண்டு பக்கமும் படிப்படியாகப் பழைய மட்டத்தோடு சேர்ந்துவிட வேண்டும், படிக்கட்டு மாதிரி விளிம்பு நிற்கக் கூடாது. வெட்டிய மண்ணை ஓரத்திலேயே குவித்தால் அது வரப்பாகி வாயை அடைத்துவிடும். சரிவில் தூர வீசிப் பரப்ப வேண்டும். தடத்தின் மற்ற பகுதிகளுக்கு 5 சதவீத வெளிச்சாய்வு போதும்: ஒரு மீட்டர் நீள மரச்சட்டத்தின் மேல் ரசமட்டத்தை வைத்து, வெளிமுனைக்கு அடியில் 5 செ.மீ. கட்டை கொடுத்தால் குமிழி நடுவில் நிற்க வேண்டும். சைக்கிள் ஓட ஓட நடுப்பகுதி அமுங்கும், வெளி ஓரத்தில் மண் ஒதுங்கித் திட்டு கட்டும். அந்தத் திட்டை அவ்வப்போது சீவாவிட்டால் எவ்வளவு நல்ல சாய்வும் வீண்.

குறுக்கே மரக்கட்டை பதித்துத் தண்ணீரைத் திருப்பலாமே என்று சிலர் கேட்டார்கள். நல்ல மனதோடு கேட்ட யோசனைதான், நன்றி. ஆனால் கட்டையின் மேல்பக்கம் ஒன்றிரண்டு மழையிலேயே வண்டலால் நிரம்பிவிடும், பிறகு தண்ணீர் அதன் மேலேயே ஏறிப் போகும். நனைந்த கட்டையில் முன்சக்கரம் சரிந்து கோணலாக ஏறினால் ஆள் தரையில்தான்.

அடுத்த நன்றி நியூசிலாந்தின் ரொட்டோருவாவில் இருக்கும் தக்கலைக்காரத் தம்பிக்கு. அங்குள்ள வாக்கரேவரேவா காட்டு டிரெயில்களின் வீடியோவைப் பார்த்துவிட்டு அதே மாதிரி இங்கேயும் செதுக்கலாம் என்று நம்மில் பலருக்கு ஆசை. நம் மேட்டின் படங்களைப் பார்த்ததும் அவர் தடுத்தார். அது எரிமலைப் பகுதி. சாம்பலும் நுரைக்கல்லும் கலந்த மண் தண்ணீரைச் சட்டென்று உள்வாங்கிவிடும், மழை விட்ட கொஞ்ச நேரத்தில் டயர் பிடிக்கும். நம்முடைய மலை எரிமலை இல்லை. மிகப் பழைய உருமாறிய பாறை, சார்னோகைட் வகை, பல யுகமாக வெயிலிலும் மழையிலும் நைந்து செம்மண் ஆனது. அதில் களி அதிகம். நனைந்தால் மேல் இரண்டு அங்குலம் வழுக்கும், காய்ந்தால் இறுகும். அங்கே மண்ணே செய்யும் வேலையை இங்கே சாய்வு செய்ய வேண்டும். அதோடு தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் நம்முடையது. ஆகவே தடத்தின் சரிவு மலைச்சரிவில் பாதிக்கு மேல் போகவே கூடாது என்றும், சராசரி 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்றும் சொல்லி, நம் வரைபடத்தில் இரண்டு இடங்களைச் சிவப்பில் வட்டமிட்டு அனுப்பினார். அந்த இரண்டு இடத்திலும் பாட்டாவின் சிரட்டைகள் நெருக்கமாக இருந்தன. ஒருவரையொருவர் பார்த்ததே இல்லாத இரண்டு பேர்!

ஓடை கடக்கும் இடத்தில் கல் பதித்த கய்யாலை (கல்வரப்பு) கட்டும் கொத்தனாருக்கும் அவர் கையாளுக்கும் தனி நன்றி. கல்லைப் படுக்கப் போடாமல், அலமாரியில் புத்தகம் அடுக்குவது போல நிறுத்தி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி இறக்கினார்கள். இருப்பதிலேயே பெரிய கல்லைக் கீழ்முனையில் முதலில் ஊன்றி, அங்கிருந்து மேலே ஏறி வந்தார்கள். மேலிருந்து தொடங்கினால் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் வரிசை முழுக்க நழுவும். செம்புரைக்கல்லை அவர் தொடவே விடவில்லை, நனைந்து டயர் ஏறினால் உதிரும் என்றார். எல்லாம் கருங்கல். இடுக்குகளில் சல்லியும் சரளை மண்ணும் திணித்துத் திமிசால் இடித்தார்கள். மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. அந்தப் பதத்தில் இடித்தால்தான் இறுகும்.

விளையை (ரப்பர்த் தோட்டத்தை) திறந்துவிட்ட உரிமையாளருக்கு, ஒரு மரத்தின் வேரும் வெட்டுப்படாமல் கோடு மாற்ற ஒத்துக்கொண்ட மேஸ்திரிக்கு, மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் கட்டன்சாயாவும் ஏற்றி அனுப்பிய அக்காமாருக்கு, வளைந்த டிரெய்லியர் ஹேங்கர்களைக் (பின்சக்கரத்தருகே கியர் மாற்றியைத் தாங்கும் பிடிகளை) காசு வாங்காமல் நிமிர்த்திக் கொடுத்த மார்த்தாண்டத்துப் பட்டறை அண்ணனுக்கு, சருகு வாரிய பள்ளிப் பிள்ளைகளுக்கு, அட்டைக்கு உப்புத்துணி கட்டிக்கொண்டு வந்த எல்லாருக்கும் சேர்த்து ஒரு பெரிய நன்றி. சருகு வாரியதைச் சின்ன வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். சருகோடு சேர்த்து மண்ணைப் போட்டு இடித்தால் அது உள்ளே மக்கி, அந்த இடம் பஞ்சாக அமுங்கும்.

இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. ஒருவரின் டயரில் முள் ஏறி, ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றிய சீலண்ட் கசிந்தது. பாட்டா விரலில் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, “இது நம்ம பாலுல்லா!” என்றார். சரியான கண்டுபிடிப்பு. டியூப் இல்லாத டயருக்கு ஊற்றும் சீலண்டுகள் பலவற்றில் ரப்பர் பால்தான் சரக்கு, உறையாமல் இருக்க அமோனியா சேர்ப்பதும் இரண்டிலும் உண்டு. நம் ஊர் வெக்கையில் அது இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், வால்வைக் கழற்றிக் குச்சி விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் நாங்கள் செய்யப் போவதையும் ஊர் முன்னால் சொல்லிவிடுகிறோம். பால் எடுத்து முடிந்து, கடைசி வாளி விளையை விட்டு இறங்கும்வரை ஒரு சைக்கிளும் மேலே ஏறாது. பால்வெட்டுகாரர் நடக்கும் ஒற்றையடிப் பாதையைத் தடமாக்க மாட்டோம், எதிரே வந்தால் நாங்கள்தான் இறங்கி நிற்போம். மழை விட்டபின் முதல் திருப்பத்தில் டயர் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பதிந்தால் அன்றைக்கு ஓட்டம் இல்லை, தள்ளிக்கொண்டு திரும்பிவிடுவது. ஈரத்தில் உழுத கோடு காய்ந்து இறுகினால் அடுத்த மழைக்கு அதுதான் வாய்க்கால். சேறு கழுவ யாரும் சானலில் (பாசனக் கால்வாயில்) சைக்கிளை இறக்க மாட்டார்கள். வனவிலங்குச் சரணாலய எல்லைக்குள் புதுத் தடம் என்ற பேச்சே எடுக்க மாட்டோம்.

வாய்கள் எல்லாவற்றையும் வருடத்துக்கு இரண்டு தடவை தூர்வார வேண்டும், ஜூனுக்கு முன் ஒரு தடவை, அக்டோபருக்கு முன் ஒரு தடவை. மே கடைசி ஞாயிறு காலை, வெட்டு முடிந்த பிறகு தொடங்கலாம். மண்வாரியும் ரசமட்டமும் இருக்கின்றன, மம்பட்டியும் கூந்தாலியும்தான் குறைவு. வீட்டில் இருப்பதைக் கொண்டு வாருங்கள், பிடியில் பெயர் எழுதி வையுங்கள். போன தடவை மாறிப்போன இரண்டு மம்பட்டிகள் இன்னும் விளை ஷெட்டில் இருக்கின்றன.