கல்யாணத்துக்கு முன் ரூபெல்லா ஊசி

ஆசிரியருக்கு வணக்கம்.

கர்ப்பிணிகளின் உணவு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் தாயிடமிருந்து கருவுக்குப் போகும் வைரஸ்கள் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

எங்கள் கடற்கரை ஊர்களில் ஒரு குழந்தை கண்ணில் வெள்ளையோடு பிறந்தாலோ, காது கேட்காமல் பிறந்தாலோ, "கிரகணத்தன்னைக்கு வெளியே போனியா?" என்றுதான் தாயை முதலில் கேட்கிறார்கள். எங்கள் தெருப் பெண் ஒருத்தியை இப்படி ஊரே கேட்டுக் குடைந்தது. மருத்துவர் கேட்டதோ வேறு: "மூணாம் மாசத்துக்குள்ள காய்ச்சல், தடிப்பு ஏதும் வந்ததா?" வந்திருக்கிறது. நாத்தனார் பிள்ளைக்கு மணல்வாரி என்று வேப்பிலை செருகியிருந்தார்கள். இவளுக்கும் லேசாகத் தடித்து, மூன்றே நாளில் மறைந்துவிட்டது.

மணல்வாரி என்று நினைத்தது ரூபெல்லா. அதுவும் தடிப்பு வரும் ஒரு வைரஸ் நோய்தான். தாயை அதிகம் படுத்தாது. பலருக்கு அறிகுறியே இருக்காது. ஆனால் அவள் ரத்தத்தில் ஏறிய வைரஸ் நஞ்சுக்கொடியைத் தொற்றி, அதைக் கடந்து கருவின் ரத்தத்தில் கலக்கிறது. முதல் 12 வாரங்களில்தான் கண்ணும் காதும் இதயமும் உருவாகின்றன. அப்போது தாக்கினால் பெரும்பாலும் கரு பாதிப்பிலிருந்து தப்புவதில்லை. 1941இலேயே ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் இதைக் கண்டு சொல்லிவிட்டார். நாம் இன்னும் கிரகணத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எல்லா வைரஸும் இப்படிப் போவதில்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி பெரும்பாலும் பிரசவ நேரத்தில் தொற்றுவது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஊசி போடுவது அதனால்தான்.

வேப்பிலை செருகிய வீட்டுக்குள் வெளியாள் நுழையக் கூடாது என்பது நல்ல வழக்கம். ஆனால் உள்ளே பிள்ளையைத் தூக்கிவைத்துக் கஞ்சி ஊட்டுவது கர்ப்பிணி மருமகளாக இருந்தால்? போதாக்குறைக்கு, தடிப்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பே ரூபெல்லா தொற்றத் தொடங்கிவிடும். ஆக, தடுப்பூசிதான் வழி.

2017இல் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது, 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்குப் போட்டார்கள். அந்த வயதை அப்போது தாண்டியிருந்த பெண்கள் பலர் இன்று தாயாகும் வயதில் இருக்கிறார்கள். உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி என்பதால் கர்ப்பமான பிறகு போட முடியாது. போட்ட பின்பும் ஒரு மாதமாவது கர்ப்பம் தரிக்காமல் இருக்க வேண்டும். எனவே கல்யாணம் நிச்சயமானதுமே கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது.

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, பாம்பன் பக்கமெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கல்யாணப் பெண்களுக்கு இதை இலவசமாகப் போட சுகாதாரத்துறை ஏற்பாடு செய்ய வேண்டும். கிராம சுகாதார செவிலியர்கள் வீடு வீடாகச் சொன்னால் எங்கள் பெண்கள் கேட்பார்கள். ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்பே தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடிப் பணியாளர்,
தொண்டி, ராமநாதபுரம் மாவட்டம்.