போட்ட டேக்கை நகர்த்தாதீர்கள்

திறமூல லைப்ரரிகளைப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் உழைப்பை ஓசியில் அனுபவிப்பவன் நான். அந்தக் கூச்சத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அண்மையில் எனக்கு இரண்டு முழு நாள் வீணாயிற்று. என் நிரலும் ஒன்றுதான், நான் சார்ந்திருந்த லைப்ரரியின் 2.4.1 டேக்கும் (கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் ஒரு வெளியீட்டுக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டு) ஒன்றுதான். என் கணினியில் டெஸ்ட் எல்லாம் தேறின, மென்பொருளைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் பில்டு சர்வரில் விழுந்தன. கமிட் ஹாஷ்களை, அதாவது பதிவான ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிட் தரும் அடையாளக் குறிகளை, பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. வெளியிட்ட மறுநாள் யாரோ ஒரு சிறு திருத்தம் செய்து, அதே டேக்கைப் புதிய கமிட்டின் மேல் நகர்த்தி, ஃபோர்ஸ் புஷ் செய்திருக்கிறார், அதாவது பழையதன் மேல் வலுக்கட்டாயமாக எழுதியிருக்கிறார். ஆக, 2.4.1 என்ற பெயரில் இரண்டு மென்பொருள்கள்!

கையில் ஏற்கெனவே இருக்கும் டேக்கை கிட் தானாக மாற்றிக்கொள்ளாது. சாதாரண ஃபெட்ச் (சர்வரிலிருந்து புதியதை இழுத்து வருவது) அதைப் பற்றி மூச்சுகூட விடாது. 2018-இல் வந்த கிட் 2.20 பதிப்பிலிருந்து, டேக்குகளைக் கேட்டு வாங்கினாலும் ஃபோர்ஸ் இல்லாமல் பழையதன் மேல் எழுத மறுத்துவிடும். எனவே நீங்கள் நகர்த்தியது பழைய பயனர்களுக்குப் போய்ச் சேராது, புதியவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். கிட்டின் கையேடே இதற்கு வழி சொல்கிறது: தவறை ஒப்புக்கொண்டு வேறு பெயரில் டேக் போடு. எண்ணுக்கு என்ன பஞ்சமா?

இது வெறும் ஒழுங்குப் பிரச்சினையும் அல்ல. 2025 மார்ச்சில் 23,000-க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் (நிரல் களஞ்சியங்கள்) பயன்படுத்திய டிஜே-ஆக்‌ஷன்ஸின் சேஞ்டு-ஃபைல்ஸ் என்ற கிட்ஹப் தானியக்கக் கருவி தாக்கப்பட்டது. தாக்கியவர்கள் புது ரிலீஸ் எதுவும் விடவில்லை. பழைய டேக்குகளையே நச்சு கமிட் ஒன்றுக்குத் திருப்பினார்கள். டேக் நகராது என்று நம்பியவர்களின் ரகசியச் சாவிகள் பில்டு லாகில் கொட்டின.

ஏன் நகர்த்துகிறீர்கள் என்பதும் புரிகிறது. மெயின் பிராஞ்சில் (வளர்ச்சி வேலை நடக்கும் முதன்மைக் கிளையில்) பாதி முடிந்த வேலைகள் கிடக்கும், அங்கிருந்து 2.4.2 எடுக்க மனம் வராது. அதற்குத்தான் ரிலீஸ் பிராஞ்ச். 2.4 என்று ஒன்றைப் பிரித்து வையுங்கள். திருத்தத்தை முதலில் மெயினில் சேர்த்துவிட்டு, அதையே 2.4-க்குச் செர்ரி-பிக் செய்து (அந்த ஒரு கமிட்டை மட்டும் நகலெடுத்து) புது டேக் போடுங்கள். வரிசையை மாற்றினால் அடுத்த பெரிய ரிலீஸில் அதே பிழை திரும்பி வந்து நிற்கும். பட்டிருக்கிறேன்.

டேக்கைக் குறிப்புரையோடு போட்டால், யார் எப்போது எதற்காகப் போட்டார் என்பதும் கூடவே பதிவாகும். வெறும் டேக் ஒரு கமிட்டைச் சுட்டும், அவ்வளவே. எப்போதும் சமீபத்தியதைக் காட்டும் ‘வி1’ தேவையென்றால் அதை பிராஞ்சாகவே வையுங்கள். நகர்வது பிராஞ்சின் வேலை. கிட்ஹப், கிட்லேப் இரண்டிலுமே டேக்கைப் பூட்டிவைக்க அமைப்பு உண்டு. பூட்டிவிட்டால் நம் கையே நம்மை ஏமாற்றாது.

ரிலீஸ் பிராஞ்ச் வைத்தால் செர்ரி-பிக் வேலை கூடும் என்பது உண்மைதான். அதற்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், என் பங்குக்கு நான் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் லைப்ரரிகளை நம்பிப் பிழைக்கும் ஒருவன்