லெட்சுமி அக்கா வீட்டுப் பஞ்சாயத்து

அன்புள்ள சேகர்,

நலம், நலமறிய ஆவல், இத்யாதி. உன் முழங்கால் புராணத்தை உன் தங்கச்சி சொல்லிவிட்டாள், நீ மறுபடி எழுத வேண்டாம். இங்கே ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு உன் உதவி வேண்டும்.

நம் லெட்சுமி அக்காவின் சின்னவள் யாழினி, வங்கி வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பழைய பூங்காக்களையும் அங்குள்ள மரங்களையும் பராமரிக்கப் பயிற்சி எடுக்கப் போகிறாளாம். அக்கா ஓயாமல் அழுகிறாள். "இருட்டோடு எழுந்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி இவளைப் படிக்க வைத்தது, வெயிலில் நின்று புல் வெட்டவா?" என்கிறாள். எனக்கு வாய் அடைத்துவிட்டது. தோட்டத்து லய வீடுகளை விட்டு வெளியே வரத்தானே நாம் எல்லாருமே படித்தோம்?

ஆனால் போன மாதம் அவளோடு தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குப் போய் வந்ததிலிருந்து என் கட்சி மாறிவிட்டது. ஈயம் தோண்டிய குழிகளை 1880-இல் பூங்காவாக்கினார்கள் என்பது நமக்குத் தெரியும். பள்ளிச் சுற்றுலாவில் நீ சப்பாத்தைத் தொலைத்த இடம்தான். சாலையைத் தாண்டி ஏரித் தண்ணீர்வரை கை நீட்டி நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களை நாம் அண்ணாந்து பார்த்ததோடு சரி. இவள் கீழே பார்க்கிறாள். அடித்தண்டைத் தட்டி, உள்ளே பொக்கையா என்று காது கொடுத்துக் கேட்கிறாள். கார் நிறுத்தினால் மண் இறுகிவிடும், வேருக்கு மூச்சு முட்டும் என்கிறாள். கிளை தண்டோடு சேரும் இடத்தில் வளையமாக ஒரு தடிப்பு இருக்கிறதே, அதை விட்டு வெளியே வெட்டினால் மரமே ஓரத்திலிருந்து பட்டை வளர்த்துக் காயத்தை மூடிக்கொள்ளுமாம். பார்வைக்கு மழுமழுவென்று இருக்கட்டும் என்று தண்டோடு ஒட்ட வெட்டினால் உள்ளே சொத்தை இறங்கும். காயத்தில் தாரோ சாயமோ பூசியும் பயனில்லை.

கேட்கக் கேட்க எனக்கு அக்காவின் கை ஞாபகம் வந்தது. பட்டையை எவ்வளவு மெல்லிசாகச் சீவுவாள்! உள்மரத்தில் கத்தி படவே படாது. பட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் அங்கே வெட்ட முடியாது. அதற்காக நம் வேலையை மேற்பார்த்த மண்டோரிடம் நீ வாங்கிய வசவுகளை இங்கே எழுத முடியாது.

அக்காவிடம் இதைத்தான் சொன்னேன். நீ பிடித்த கத்தியே ஒரு பூங்காவிலிருந்து வந்ததுதான் அக்கா என்றேன். 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு வந்தவை 22 ரப்பர் கன்றுகள். அந்தக் காலத்தில் நட்ட ஒரு மரம் இன்னும் கோலகங்சாரில் நிற்கிறது. மரத்தைச் சாகடிக்காமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் வெட்டை உருவாக்கியவர், 1888-இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்புக்கு வந்த ரிட்லி துரை. பார்க்கிற தோட்ட முதலாளிகளிடமெல்லாம் ரப்பர் நடச் சொல்லி நச்சரித்ததால் அவருக்குப் பைத்தியக்காரப் பட்டம் வேறு. "அந்தப் பைத்தியத்தால்தான் என் இடுப்பு போச்சா?" என்றாள் அக்கா. நான் என்ன சொல்ல?

யாழினியும் விடவில்லை. பழைய தோட்டங்களைக் காப்பதற்கு 1981-இல் புளோரன்ஸ் நகரில் ஒரு சாசனம் எழுதினார்களாம். இப்படிப்பட்ட தோட்டம் பிழைக்க, பயிற்சி பெற்றவர்களின் இடைவிடாத கவனிப்பு வேண்டும் என்கிறது அது. வரலாற்று ஆசிரியர், கட்டடக் கலைஞர் ஆகியோரோடு தோட்டக்காரரையும் ஒரே வரிசையில் வைத்து, எல்லாருக்கும் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யச் சொல்கிறது. அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். "புளோரன்ஸ்காரன் வந்து சோறு போடுவானா?" என்று அக்கா எழுந்து போய்விட்டாள்.

சிரிப்பாக எழுதுகிறேன், ஆனால் மனசு சரியில்லை, சேகர். நம் திடலோரத்து மரத்தை ஒரு குத்தகைக்காரனின் ஆட்கள் உச்சியோடு மொட்டையடித்துவிட்டுப் போனார்கள். சிம்பு சிம்பாகக் கிளைத்திருக்கிறது. அப்படி வந்த கிளைக்குப் பிடிமானம் குறைவு, பெரிதானால் காற்றில் முறியும் என்கிறாள் யாழினி. அந்த ஆட்களைக் குறை சொல்லி என்ன? வாள் கொடுத்தார்கள், எங்கே வெட்டுவது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தைப்பிங் மரங்களும் ஒருநாள் விழத்தான் போகின்றன. அதற்கு முன்பே அதே இனத்தில் கன்று வளர்க்க வேண்டும், பழைய படங்களைப் பார்த்து எது எங்கே நின்றது என்று குறித்து வைக்க வேண்டும். அதெல்லாம் தெரிந்தவர் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அக்கா கேட்கிற சம்பளக் கேள்விக்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. வங்கிக்காரனுக்குக் கொடுக்கும் மரியாதையை மண்வெட்டி பிடிப்பவனுக்கு நம் ஆட்களே கொடுப்பதில்லையே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் அவளுக்குப் பினாங்கில் நேர்முகம். தண்ணீர்மலைப் பக்கம் உன் வீடு இருக்க, அவள் ஏன் வெளியே தங்க வேண்டும்? இரண்டு நாள் வைத்துக்கொள். அப்படியே பக்கத்துத் தாவரப் பூங்காவையும் சுற்றிக் காட்டு. 1884-இல் சார்லஸ் கர்ட்டிஸ் கல்லுடைத்த இடத்தைத் தோட்டமாக்கிய கதையை அவளே உனக்குச் சொல்லுவாள், நீ தெரிந்த மாதிரி தலையாட்டாமல் கேள். அக்கா உனக்குப் போன் பண்ணுவாள். யோசனை என்னுடையது என்று மட்டும் சொல்லிவிடாதே. வருகிற தீபாவளிக்கும் எனக்கு அவள் வீட்டு முறுக்கு வேண்டும்.

அன்புடன்,
குமரேசன்