‘கண்ணே வாராய்’ என்று பாடிப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பின பியானோ பரீட்சை மார்க் ஷீட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன், நீ வாசித்த பதிவையும் கேட்டேன். ‘கான்டாபிலே போதவில்லை’. ஒரே வரி. அதற்கா இவ்வளவு அழுகை? அதை நீ ‘கேன்டபிள்’ என்று படித்ததற்கு உன் அத்தை இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

இத்தாலிய மொழியில் கான்டாரே என்றால் பாடுவது. கான்டாபிலே என்று போட்டிருந்தால், பாடுகிற மாதிரி வாசி என்று அர்த்தம். மெதுவாக வாசி, சத்தத்தைக் குறை என்றெல்லாம் அர்த்தமில்லை. நீ செய்திருப்பது அந்த இரண்டும்தான்.

பியானோவில் இது லேசில்லை. கட்டையை அமுக்கினால் உள்ளே இருக்கும் சுத்தியல் கம்பியைத் தட்டும்; தட்டின அடுத்த கணமே நாதம் தேய ஆரம்பித்துவிடும். என் வயலினில் வில்லை இழுக்க இழுக்க ஒரு சுரத்தை வளர்க்கலாம். உனக்கு அந்த வசதி கிடையாது. முந்தின சுரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காது கொடுத்து, அங்கிருந்துதான் அடுத்ததை எடுக்க வேண்டும்.

நீ வாசித்த பெத்தோவன் பகுதியையே எடுத்துக்கொள். ‘பத்தேதிக்’ சொனாட்டா, பல பகுதிகள் கொண்ட பியானோ இசை, 1799இல் அச்சானது. அதன் இரண்டாம் பகுதியின் தலையிலேயே ‘அடாஜியோ கான்டாபிலே’ என்று எழுதியிருக்கிறார். மெதுவாக என்பதற்கு அடாஜியோ, பாடுகிற மாதிரி என்பதற்குக் கான்டாபிலே. முதல் நாலு சுரத்துக்கு ‘கண்ணே வாராய்’ என்று போட்டு வாய்விட்டுப் பாடு. ‘வா’தான் நீளம், உயரமும் அதுதான். அடுத்து வரும் ‘ராய்’ தேய்ந்த ‘வா’வின் வாலைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். உன் பதிவில் ‘ராய்’ தடாலென்று விழுகிறது. போதாததற்கு, அதே வலது கை உள்ளே வாசிக்கும் பொடிச் சுரங்கள் மெட்டை அமுக்குகின்றன. எடையைச் சுண்டு விரல் பக்கம் சாய். கட்டை விரல் சும்மா தொட்டால் போதும்.

சொல் போட்டு வாசிப்பது என் கண்டுபிடிப்பு இல்லை. நம் கச்சேரியில் பக்கவாத்தியம் வாசிக்கிறவனுக்குச் சாகித்யம், அதாவது பாட்டின் சொற்கள், தெரியாவிட்டால், சொல்லின் நடுவே வில்லைத் திருப்பி அர்த்தத்தை முறித்துவிடுவான். நானே முறித்திருக்கிறேன். பாடகர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

மேற்கத்தியக்காரர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1723இல் தன் இன்வென்ஷன்கள் என்ற சின்னப் பயிற்சி உருப்படிகளுக்கு எழுதிய முகப்பிலேயே, எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பாடுகிற வாசிப்பு கைவர வேண்டும் என்கிறார். பியானோ மேதை ஷோபேன் தன் மாணவர்களை ஆபரா பாடகர்களை, அதாவது பாட்டாகவே நடக்கும் மேற்கத்திய நாடகத்தில் பாடுகிறவர்களை, கேட்கச் சொல்வார். திருப்பாதிரிப்புலியூரில் ஆபராவுக்கு எங்கே போவாய்? பாடலீஸ்வரர் கோயிலில் ஓதுவார் தேவாரம் பாடும் நேரம் பார்த்துப் போ. எங்கே மூச்சு வாங்குகிறார், மூச்சுக்கு முன்னால் கடைசி எழுத்தை எப்படி இறக்கி வைக்கிறார் என்று மட்டும் கவனி.

ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்கு பஸ் ஏறி வா. கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வராதே, பாடிக் காட்டினால் போதும். அத்தை வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன் என்கிறாள்.

அன்புடன்,
மாமா
முத்தியால்பேட்டை