சோயாவும் கொழுப்புக்கலமும்

ஹட்டன்

அன்பின் மோகன்,

கடிதம் கிடைத்தது. இங்கே மூன்று நாளாக ஒரே பனிமூட்டம், வெயில் முகத்தையே காணோம். உன் மாணவியின் முடிவுகளைப் பார்த்தேன். சோயாவிலுள்ள ஜெனிஸ்டீனை 100 மைக்ரோமோலர் செறிவில் இட்ட வளர்ப்புத்தட்டுக் குழிகளில், கொழுப்பு உடையும்போது கலம் வெளிவிடும் கிளிசரோல் ஏறியிருப்பது சரிதான். ஆனால் 'சோயா கொழுப்பைக் கரைக்கிறது' என்ற தலைப்பை முதலில் வெட்டச் சொல்.

கலத்துக்குள் செய்தி கடத்தும் சைக்கிளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு கூடினால் புரதக் கைனேஸ் ஏ என்ற நொதியம் கிளம்பி, கொழுப்புத்துளியைப் போர்த்தியிருக்கும் பெரிலிப்பின் புரதத்தை விலக்கிவிடும். பிறகு கொழுப்பை உடைக்கும் நொதியங்களான மூன்று லைபேசுகள் முறைபோட்டு ஆளுக்கொரு கொழுப்பமிலத்தைக் கழற்றும். எஞ்சும் கிளிசரோலைக் கொழுப்புக்கலம் பெரும்பாலும் திரும்ப எடுக்காது. அதனால்தான் அதை அளக்கிறோம். இன்சுலினோ பொஸ்போடைஎஸ்டரேசு 3பி என்ற நொதியத்தை ஏவி சைக்கிளிக் ஏஎம்பியை உடைத்து இதற்குத் தடை போடுகிறது.

ஜெனிஸ்டீன் இரண்டு இடத்தில் கைவைக்கும். பொஸ்போடைஎஸ்டரேசை மந்தமாக்கும், இன்சுலினின் செய்தியைக் கலத்துக்குள் கடத்தும் தைரோசின் கைனேசு நொதியத்தைத் தடுத்து அந்தச் செய்தியையும் குலைக்கும். அவள் கலங்களை வைத்த வளர்ப்பு ஊடகத்தில் இன்சுலின் இருந்திருக்கிறது. அப்படியானால் ஏற்றம் எந்த வழியால் வந்தது? அட்டவணையைப் பார்த்துச் சொல்ல முடியாது. இன்சுலின் உள்ள குழிகள், இல்லாத குழிகள் என இரு வரிசை வைக்கட்டும். கொழுப்புச் சிதைவை நிச்சயமாகத் தூண்டும் மருந்தான ஐசோபுரோடரினோல் 10 மைக்ரோமோலர் இட்ட வரிசை ஒன்றும் கட்டாயம். கலங்களுக்கு உயிர்ப்பு இருக்கிறதா என்று அதுதான் காட்டும்.

இன்னொரு சந்தேகம். 3டி3-எல்1 என்ற எலிக் கலங்களைக் கொழுப்புக்கலமாக மாற்ற ஐபிஎம்எக்ஸ் என்ற மருந்தை 0.5 மில்லிமோலர் போடுகிறோமே, அதுவும் பொஸ்போடைஎஸ்டரேசுத் தடுப்பிதான். மிச்சம் நின்றால் கட்டுப்பாட்டுக் குழியிலேயே கிளிசரோல் கூடிவிடும். அதை 48 மணித்தியாலத்துக்கு மேல் வைக்காமல் ஊடகத்தை மாற்றி, 8ஆம் நாளுக்குப் பிறகு நன்றாகக் கழுவிவிட்டு அளக்கட்டும். அளக்கும் ஊடகத்தில் கொழுப்பமிலம் நீக்கிய அல்புமின் புரதம் 2 சதவீதம் வேண்டும். இல்லாவிட்டால் வெளிவந்த கொழுப்பமிலங்கள் கலத்தைச் சுற்றியே தேங்கி நொதியங்களை அமுக்கிவிடும்.

ஜெனிஸ்டீனைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓவைக் கவனி. 100 மில்லிமோலர் கரைசலில் 1 மைக்ரோலீற்றரை 1 மில்லிலீற்றருக்கு விட்டால் 100 மைக்ரோமோலர், டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதம். ஜெனிஸ்டீன் இல்லாத குழிக்கும் அதே 0.1 வேண்டும். கூடவே, சிதைந்த கலத்திலிருந்து வெளியேறும் எல்டிஎச் நொதியத்தின் கசிவையும் பார்க்கட்டும்: செத்த கலம் கிளிசரோல் விட்டதை நாம் கொழுப்புச் சிதைவு என்று எழுதக்கூடாது.

அளவுக்கு வருவோம். சோயா சாப்பிட்டவரின் குருதியில் ஜெனிஸ்டீன் பெரும்பாலும் சில மைக்ரோமோலரைத் தாண்டாது. அதிலும் பெரும்பங்கு குடலிலும் ஈரலிலும் சர்க்கரை அமிலமொன்றோடு குளூக்குரோனைட்டாக இணைந்த வடிவம்தான். ஆகவே 100-ஐ வைத்துச் சாப்பாட்டைப் பற்றிப் பேசமுடியாது. 1, 5 மைக்ரோமோலர் குழிகளும் வேண்டும். சோயாவிலுள்ள இன்னொரு சேர்மமான டெயிட்சீனை ஈகுவோல் என்ற பொருளாக மாற்றும் குடல் பற்றீரியா எல்லோரிடமும் இல்லை என்பதால் ஆளுக்கு ஆள் விளைவும் மாறும்.

லயத்துச் சமையலில் சோயா மீட்டைச் சுடுநீரில் ஊறவைத்துப் பிழிகிறார்களே, அந்தத் தண்ணீரோடு ஜெனிஸ்டீன், டெயிட்சீன் போன்ற ஐசோபிளேவோன்களில் ஒரு பங்கு போய்விடும். பிறகு எண்ணெயில் பொரித்தால் பஞ்சு மாதிரி குடித்துக்கொள்ளும்! நல்ல மலிவுப் புரதம் என்று எழுது, மறுக்கமாட்டேன். உடல் இளைக்கும் என்று மட்டும் எழுதாதே. வெளிவந்த கொழுப்பமிலத்தைத் தசை எரிக்காவிட்டால் ஈரல் அதைத் திரும்பவும் கொழுப்பாகக் கட்டி அனுப்பிவிடும்.

அடுத்த அளவீடு முடிந்ததும் சராசரியை மட்டும் அனுப்பாமல் ஒவ்வொரு குழியின் எண்ணையும் அனுப்பு. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வம்