அலகு வெறும் நகம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பறவைகளின் புலன்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை கண்ணுக்கும் காதுக்கும் பக்கம் பக்கமாக ஒதுக்கிவிட்டு, தொடு உணர்வை ஒரே வரியில் முடித்துவிட்டது: 'அலகு நம் நகம் போன்றது, உணர்ச்சியற்றது.' அந்த ஒரு வரியும் தவறு.

குறுவை அறுத்த வயலில் வாத்துக் கூட்டம் மேய்வதை வரப்பில் நின்று பார்த்தவர் இப்படி எழுதியிருக்க மாட்டார். அலகு முழுதும் சேற்றுக்குள் இருக்கும். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. நெல்லும் நத்தையும் உள்ளே போகும், சேறு ஓரத்தில் வழிந்துவிடும். அலகின் மேல்தோலுக்கு அடியில் பொதிந்திருக்கும் கிராண்ட்ரி, ஹெர்ப்ஸ்ட் என்னும் நுண்ணுறுப்புகள்தான் அந்த இருட்டில் துப்புச் சொல்கின்றன. முன்னது உரசலை உணரும், பின்னது அதிர்வை.

மூளைக்குச் சேதி போகும் வழி இன்னும் விந்தை. இறக்கை, கால், உடம்பு இவற்றின் சேதி தண்டுவடத்தில் ஏறி, மூளைத்தண்டில் கைமாறி, எதிர்ப்பக்கம் தாண்டி, மூளையின் நடுவே சேதிகளை வாங்கி அனுப்பும் தலாமஸ் வழியாக முன்மூளையை அடைகிறது. நமக்கும் ஏறக்குறைய இதே வழிதான். இருட்டில் இரையைக் காலால் கவ்வும் கூகைக்கு இந்தப் பாதையின் முடிவில் நகக்கால்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அலகுக்கோ குறுக்குவழி! அலகின் உணர்வைச் சுமக்கும் முக்கிளை நரம்பு மூளைத்தண்டில் சேர்த்த சேதி, தலாமஸை எட்டிப் பார்க்காமலே, முன்மூளையில் உள்ள பேசாலிஸ் என்ற நரம்பணுத் திரளுக்கு நேரே போய்விடுகிறது.

இறகு மூடிய உடம்புக்கும் உணர்வு குறைவு என்று நினைக்க வேண்டாம். கோழியை உரித்தபின் தோலில் மயிர்போல் மிஞ்சுவதைத் தீயில் வாட்டுகிறோமே, அவையும் இறகுகள்தாம். பக்கத்து இறகு கலைந்தால், அடியிலுள்ள நரம்புக்கு அசைந்து சொல்வது அவற்றின் வேலை.

இவ்வளவும் எழுதக் காரணம், 'நகம்' என்ற அந்தச் சொல். முட்டைக்கோழிப் பண்ணைகளில், ஒன்றையொன்று கொத்தாமலிருக்கக் குஞ்சுகளின் அலகு நுனியைச் சுடுகத்தியால் வெட்டுகிறார்கள். 'நகம் வெட்டுவதுபோலத்தான், வலிக்காது' என்று ஒரு பண்ணையில் என்னிடமே சொன்னார்கள். வலி உணரும் நரம்பு அலகின் நுனிவரை ஓடுகிறது. வளர்ந்த கோழிக்கு வெட்டினால், அறுந்த நரம்பு முனைகள் அங்கேயே முடிச்சுகளாகத் திரண்டுகொள்வதும் உண்டு.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

– ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், மன்னார்குடி